முதல் பக்கத்தைத் திருடியவன்

அத்தியாயம் 5

சண்முகவேல் முதலாளிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும் என்று சிவகாசியில் சொல்வார்கள். அன்று காலை பத்தரை மணிக்குப் பாண்டிராஜ் அவர் அறைக்குள் நுழைந்தபோது சிவப்பு மூக்கைத் தாண்டி, காதுக்குப் போய், வழுக்கையின் உச்சி வரைக்கும் ஏறியிருந்தது. பாண்டிராஜ் தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் கதவோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டான்.

"என்ன பாண்டி, அங்கன போய் உக்காந்துட்ட?" என்றாள் ஞானசுந்தரி.

"பட்டாசு ஆபீசு அக்கா. வெளிய போற வழியை மொதல்ல பாத்து வச்சுக்கிடணும்னு போர்டு போட்டிருக்காக."

ஞானசுந்தரி விருதுநகரில் ஒரு பரோட்டாக் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். மாப்பிள்ளை வீட்டார் சொல்கிற சம்பளத்தில் எத்தனை பங்கு பொய் என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய பிழைப்பில் முக்கால்வாசி. அதற்கு முன்பு திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பதினாறு வருஷம் புரூஃப் பார்த்தவள். பாண்டிராஜும் அதே அச்சகத்தில் மெஷின் ஓட்டியவன்தான். மெஷினைவிட அவன் வாய் வேகமாக ஓடியதால் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். நான்கு வருஷமாக அந்த வாயை ஞானசுந்தரிதான் கட்டி மேய்க்கிறாள்.

"எங்க ஏழுகிளி கம்பெனியைக் காணோம்மா" என்றார் சண்முகவேல்.

பாண்டிராஜ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். குடோன் இருந்தது. லோடு ஏற்றிக்கொண்டு ஒரு லாரி நின்றது. ஆள் உயரத்துக்கு ஏழு பச்சைக்கிளிகள் வரைந்த பலகையும் பத்திரமாக இருந்தது.

"அந்தா இருக்கே மொதலாளி."

"கூகுள்ல காணோம்லே!"

முதலாளி கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, 'சிவகாசி பட்டாசு' என்பதை ஆங்கிலத்தில் ஒற்றை விரலால் தட்டினார். அவர் தட்டி முடிப்பதற்குள் பாண்டிராஜ் ஒரு கொட்டாவி விட்டு, அதற்கு மன்னிப்பும் கேட்டு முடித்துவிட்டான்.

"பிள்ளையார் சதுர்த்தி வரைக்கும் ரெண்டாவது எடத்துல இருந்தோம். மறுநா காலையில பாத்தா இல்லை. பத்தாவது பக்கம் வரைக்கும் தேடிட்டேன். பெங்களூரு, பம்பாய்க்காரவுக எல்லாம் இதுல பாத்துத்தான் கிஃப்ட் பாக்ஸ் ஆர்டர் போடுறாக. தீபாவளிக்கு இன்னும் நாப்பத்திரெண்டு நாளு. சீசன் போச்சுன்னா வருசமே போச்சு."

"மொதல் எடத்துல இப்ப யாரு இருக்கா?" என்று ஞானசுந்தரி திரையின் பக்கம் சாய்ந்தாள்.

"எவனோ ஒருத்தன். நாம இல்லை, அம்புட்டுத்தான்." அடுத்தவன் பெயரைப் பார்க்கப் பொறுக்காமல் முதலாளி பட்டென்று பக்கத்தை மூடிவிட்டார். ஆனால் பதினாறு வருஷம் புரூஃப் பார்த்த கண்ணுக்கு அரை நொடி போதும். 'வெள்ளைத்துரை பட்டாசுக் கடை, தாயில்பட்டி' என்று அவள் நோட்டில் ஏறிவிட்டது.

"நீங்க என்னென்ன செஞ்சு பாத்தீக?"

"எல்லாம் செஞ்சாச்சு. காசு கட்டுனா மொத எடம் குடுப்பானான்னு கேட்டேன். அது வெளம்பரம், வேற எடத்துல வரும்னுட்டாக. பாக்கிங் செட்ல இருந்து பத்துப் பொம்பளையாளுகளை பிரவுசிங் சென்டருக்கு அனுப்பி, மூணு நாளா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நம்ம சைட்டையே அமுக்கச் சொன்னேன். அடிமேல அடி வச்சா அம்மியும் நகரும்பாகள்ல?"

"நகந்துச்சா?"

"அதுல ரெண்டு பிள்ளைக பாட்டு இறக்கப் படிச்சுக்கிட்டாளுக. அதான் மிச்சம்." முதலாளி மேஜையைத் தட்டினார். "செல்வக்குமாருன்னு ஒருத்தன். அவன்தான் சைட்டைப் பாத்துக்கிடுறவன். பக்கத்து அடியில 'பட்டாசு, பட்டாசு'ன்னு முந்நூறு தடவை வெள்ளை எழுத்துல போடுலே, ஆளுக கண்ணுக்குத் தெரியாது, கூகுளுக்குத் தெரியும்னேன். அது ஏமாத்து வேலை, மாட்டிக்கிடுவோம்னு சொல்லிட்டான். எதிரிகிட்ட காசு வாங்காதவன் ஏம்மா அப்படிச் சொல்லப் போறான்?"

முதலாளியின் கணக்குப்படி எதிரி, 'தங்கமீன்' கம்பெனி கனகசபாபதி. சாட்சி ஒரு சிடி. ஆடி மாதத்தில் செல்வக்குமார் வெப்சைட் முழுவதையும் ஒரு சிடியில் எழுதியது கம்ப்யூட்டரிலேயே பதிவாகியிருந்தது. சிடியைக் காணோம். நேற்று முதலாளி அவனைப் பட்டாசுப் பெட்டி கட்டும் பாக்கிங் செட்டில் இருநூறு பேர் முன்னால் நிறுத்தி, கள்ளப்பயல் என்று சொல்லிவிட்டார். இப்போது போலீஸ் புகார் டைப் அடித்துத் தயாராக மேஜைமேல் கிடந்தது.

"சாயங்காலம் அஞ்சரைக்கு ஆளுகளை ஏத்திக்கிட்டு வேன் கிளம்பும். அதுக்குள்ள ஆதாரம் கொண்டாங்க. கொண்டாராட்டியும் கையெழுத்துப் போட்டு ஸ்டேசனுக்கு அனுப்பிருவேன்."

செல்வக்குமார் குடோன் மூலையில் ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு வயது. ஒல்லியான ஆள். அழுது முடித்து முகம் கழுவியிருந்தான் என்பதைப் பார்த்ததும் பாண்டிராஜுக்குத் தெரிந்துவிட்டது.

"காணாமப் போன அன்னிக்கே கம்ப்யூட்டர் ரூமைப் பூட்டிட்டாக அண்ணே, சாட்சி கலைஞ்சிருமாம். பன்னெண்டு நாளா இங்கனதான் உக்காத்தி வச்சிருக்காக. காலையில வேன், சாயங்காலம் வேன். என்ன ஆச்சுன்னு பாக்கக்கூட விடல."

"சிடி?" என்றாள் ஞானசுந்தரி.

"மொதலாளி கேக்காருன்னு மேனேஜர் வந்தாரு. எழுதிக் குடுத்தேன். மொதலாளிகிட்டச் சொன்னா, 'நான் எதுக்குலே சிடி கேப்பேன், அதை எதுல சொருகணும்னே எனக்குத் தெரியாது'ங்காரு. மேனேஜரு ஆர்டர் பிடிக்க நாக்பூர் போயிட்டாரு. போனு எடுக்க மாட்டேங்காரு."

பாக்கிங் செட்டில் வேலை பார்க்கும் அவன் அம்மா அய்யம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். விரல் நுனியெல்லாம் வெடிமருந்தின் வெள்ளிப் பூச்சு.

"நேத்து வேன்ல எனக்குப் பக்கத்துல யாரும் உக்காரலக்கா" என்றாள். "இருவது வருசமா வாரேன். எடம் பிடிக்கச் சண்டை போடுவாளுக. நேத்து என் பக்கத்து சீட்டு காலியாவே வந்துச்சு. எம் மகன் கள்ளன்னா நானும் கள்ளிதானே."

பாண்டிராஜுக்குப் பயலைப் பார்க்கவே பாவமாக இருந்தது, தாயைப் பார்க்க அதைவிட. நேரே போய் டிவிஎஸ் ஃபிஃப்டியை உதைத்தான்.

தாயில்பட்டியில் வெள்ளைத்துரையின் கடை, ரோட்டோரத்தில் ஒரு ஷட்டர், முன்னால் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். ஆனால் கடைக்கு முன்னால் கூரியர் வேன் நின்றது. வெள்ளைத்துரை அறுபது வயதுக்காரர். காதில் போன், கையில் இன்னொரு போன்.

"அச்சா... அச்சா... ஹாங்... அச்சா!" என்று சொல்லி வைத்தவர், இவர்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போனார். கையில் நோட்டு, தோளில் பை, விறைப்பாக ஒரு பெண். விற்பனை வரி ஆபீசு என்று முடிவே கட்டிவிட்டார்.

"வாங்க வாங்க! உக்காருங்க. கலர் சோடா குடிக்கிறீகளா? வியாபாரமே இல்லீங்க. ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

போன் அடித்தது. எடுக்காமல் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டார். துண்டுக்கு அடியிலும் அடித்தது.

"ஈ ரொம்பச் சத்தம் போடுது அண்ணாச்சி" என்றான் பாண்டிராஜ்.

"உங்களுக்கு வெப்சைட் யாரு போட்டுக் குடுத்தா?" என்று கேட்டாள் ஞானசுந்தரி.

"வெப்பா? சைட்டா? எனக்கு டிவியே போடத் தெரியாதும்மா. ஏலே, ரெண்டு கலர் எடுத்தாலே!" பேச்சை மாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி பெருமை பேசுவதுதான். "மூத்தவன் எழில் கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் காலேஜ்ல வாத்தியாரு. கம்ப்யூட்டர்தான் சொல்லிக் குடுக்கான். அவன் காலேஜோட கம்ப்யூட்டர் பக்கத்துல எங்கப்பா கடைன்னு போட்டிருக்கானாம். அவன்கிட்டப் படிக்கிற பயலுகளும் ஆளுக்கு ஆளு அவுக பக்கத்துல போட்டிருக்கானுகளாம். அதெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது."

ஞானசுந்தரி அவரைப் பார்க்கவே இல்லை. அவர் தலைக்கு மேல் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு பச்சைக்கிளி படம். படத்துக்குக் கீழே, பட்டையில், 'வெள்ளைத்துரை பட்டாசுக் கடை, தாயில்பட்டி', போன் நம்பரோடு. கலரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள்.

"கிளம்புவோம் பாண்டி. சுவத்துல என்ன பாத்த?"

"இன்னிக்கு வியாழன். ஒன்றரையில இருந்து ராகு காலம். நாம சாப்பிட்டுட்டுப் போறதுதான் நல்லதுன்னு காலண்டர் சொல்லுது."

சாப்பாடு கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் இடம்தான் கிடைத்தது. வெள்ளைத்துரையின் பக்கத்தைத் திறந்தார்கள். அதே ஏழுகிளி, அதே கிஃப்ட் பாக்ஸ், அதே வாசகம், எழுத்துக்கு எழுத்து ஏழுகிளி கம்பெனியின் சைட். பாண்டிராஜ் தொடையைத் தட்டினான்.

"கள்ளன் மாட்டிக்கிட்டான்க்கா! கலர் வாங்கிக் குடுத்தே கவுத்துட்டாரு கெழவரு."

"கள்ளன் எங்கயாச்சும் திருடுன வீட்டு வாசல்ல தன் பேரையும் கதவு நம்பரையும் எழுதி வச்சுட்டுப் போவானாலே?"

பாண்டிராஜ் யோசித்தான். அவன் ஆயுளில் அப்படி ஒரு கள்ளனைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை.

ஞானசுந்தரி அந்தப் பக்கத்திலிருந்த ஒரு முழு வரியை அப்படியே எடுத்துத் தேடலில் போட்டாள். ஒரே ஒரு பதில் வந்தது, வெள்ளைத்துரை. உலகத்தில் எல்லோரும் பக்கத்தை மேலிருந்து படிப்பார்கள். புரூஃப் பார்த்தவள் மட்டும் அடியிலிருந்து படிப்பாள். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. இதைப் போலவே இருக்கிற மற்ற பக்கங்களை விட்டுவிட்டோம், அவற்றையும் பார்க்க வேண்டுமானால் இங்கே அழுத்தவும் என்பது அதன் சாரம்.

அழுத்தினாள். சாத்தூர், கோவில்பட்டி, ராஜபாளையம், அருப்புக்கோட்டை, பொள்ளாச்சி என்று வரிசையாக வந்து விழுந்தது. பாண்டிராஜ் விரல் விட்டு எண்ணினான், விரல் பற்றாமல் மறுபடி எண்ணினான். கடைசியாக இருந்தது முதலாளியின் ஏழுகிளி. அதையும் சேர்த்து நாற்பத்தொன்று. படம் ஒன்று, வாசகம் ஒன்று. ஒவ்வொன்றிலும் அடிப் பட்டையில் மட்டும் கடைப் பெயர் வேறு.

"நாப்பது கள்ளனுகளா!"

"அடியில தொடங்குன தேதி போட்டிருக்கு, பாரு."

பார்த்தான். நாற்பதிலும் 3-8-2007. "நாப்பது பேரும் ஒரே நாளு! நல்ல நாளு பாத்துத் திருடிருக்கானுக."

"ஆமா. ஆடிப் பதினெட்டு. அன்னிக்கு நம்ம ஊர்ல எதுக்குலே பூசை போடுவாக?"

பதினெட்டு வயதிலிருந்து மெஷினுக்குச் சந்தனம் பூசியவனுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. காசைக் கொடுத்துவிட்டு வண்டிக்கு ஓடினான்.

மணி ஐந்து ஐந்து. முதலாளி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். செல்வக்குமார் ஓரமாக நின்றான்.

"உங்க பக்கத்தை அப்படியே நாப்பது பேரு போட்டிருக்காக அண்ணாச்சி" என்றாள் ஞானசுந்தரி.

வழுக்கை மறுபடி சிவந்தது. "நாப்பது கள்ளப்பயலுகளா? எல்லாப் பயலையும் உள்ள வைக்கிறேன். பேரைச் சொல்லுங்க!"

"பேரைச் சொல்ல வேற ஆளு இருக்கு. உங்க மச்சினன் சீனிவாசகம் திருத்தங்கல்ல காலண்டர் அச்சகம் வச்சிருக்காக இல்லையா? ஏழுகிளி காலண்டரும் அங்கனதானே அடிக்கீக? அந்த நம்பரைப் போடு பாண்டி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஸ்பீக்கரை அமுக்கிக்க."

பாண்டிராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு ஆளாக மாறினான். "வணக்கம் அண்ணாச்சி, சாத்தூர் சங்கரலிங்கம் பேசுறேன், ஏழுகிளி டீலரு. எல்லாருக்கும் கம்ப்யூட்டர்ல கடை போட்டுக் குடுத்தீகளாமே? எனக்கு மட்டும் வரலையே. நான் என்ன பாவம் பண்ணுனேன்?"

"சங்கரலிங்கமா?" ஸ்பீக்கரில் காகிதம் புரளும் சத்தம். "லிஸ்ட்ல உங்க பேரு இல்லையே அண்ணாச்சி. அத்தான் நாப்பது பேருக்குத்தானே சொன்னாக."

"எந்த அத்தான்?"

"ஏழுகிளி அத்தான்தான். ஆடிப் பதினெட்டுக்கு எங்க புது வருசக் காலண்டர் ஆல்பம் பூசைக்கு வந்தாகல்ல, அன்னிக்கு அவுக கையாலதான் சிடியைக் குடுத்தாக. டீலருகளுக்கு வருசா வருசம் காலண்டர் குடுக்கோம், இந்த வருசம் ஆளுக்கு ஒரு வெப்சைட்டும் சேத்துக் குடுப்போம், படம் அதே படம், அடிப் பட்டையில பேரை மட்டும் மாத்துன்னு சொன்னாக. நானும் பூசை நாளையே தொடங்குன தேதியாப் போட்டு, காலண்டருக்குப் பண்ற மாதிரியே நம்ம பயலுகளை வச்சுப் பண்ணிட்டேன். உங்களுக்கும் வேணும்னா அத்தான்கிட்ட ஒரு வார்த்தை..."

பாண்டிராஜ் போனை வைத்தான். முதலாளியின் வழுக்கையிலிருந்து சிவப்பு படிப்படியாக இறங்கி, காலருக்குள் போய் மறைந்தது.

"அது... அது அன்பளிப்புல்லா!" என்றார். "வெப்சைட்டை எடுத்தாலேன்னேன், மேனேஜரு சட்டைப் பையில ஒரு வட்டத் தட்டை வச்சு விட்டான், அதுதான் சிடின்னு யாரு கண்டா? நான் பூசை அவசரத்துல குடுத்துட்டு வந்தேன். அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"தை மாசம் உங்க வீட்டுக்கு எத்தனை காலண்டர் வரும்?"

"அறுவது, எழுவது வரும்."

"அதுல ஒரே படம் போட்டது நாப்பத்தொண்ணு வந்தா எத்தனையைச் சுவத்துல மாட்டுவீக?"

"ஒண்ணு."

"மிச்சம்?"

"பரண்ல போடுவோம்." சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

"கூகுளும் அதைத்தான் செஞ்சிருக்கு. ஒண்ணை மாட்டிட்டு உங்களையும் சேத்து நாப்பதைப் பரண்ல போட்டுருச்சு. எதை மாட்டுறதுன்னு பாத்துச்சு. வெள்ளைத்துரைக்கு மகன் வேலை பாக்கிற காலேஜே தன் பக்கத்துல பேரைப் போட்டுச் சிபாரிசு பண்ணிருக்கு. உங்களுக்குச் சிபாரிசு பண்ண யாரு இருக்கா?"

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டவுகளைப் பாத்திருக்கேன்" என்றான் பாண்டிராஜ். "நாப்பது காப்பி அடிச்சு ஊரூருக்கு வினியோகம் பண்ணுனவுகளை இப்பத்தான் பாக்கேன்."

முதலாளி கோபப்படக்கூட மறந்துபோனார். அவருக்கு வேறு ஒரு பயம் வந்துவிட்டது. "அப்ப நாப்பது பேருகிட்டயும் குடுத்ததைத் திருப்பிக் கேக்கணுமா? அன்பளிப்பைத் திருப்பிக் கேட்டான் சண்முகவேலுன்னு சொன்னா நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுல தலை காட்ட முடியுமா? சீசன் போனாலும் போகட்டும், அது மட்டும் நடக்காது."

"கேக்க வேண்டாம் மொதலாளி" என்றான் செல்வக்குமார். காலையிலிருந்து அவன் அந்த அறையில் பேசிய முதல் பேச்சு. "சைட்டு அவுககிட்டயே இருக்கட்டும். உள்ள இருக்கிறதை மட்டும் மாத்துவோம். அவுகவுக கடைப் படம், அவுக ஊர்ல என்ன விக்கும், எப்படி வரணும், அதைப் போடுவோம். அடியில 'எங்களுக்குச் சரக்கு ஏழுகிளியில இருந்து வருது'ன்னு ஒரு வரி, நம்ம சைட்டுக்கு வர்ற மாதிரி. அப்ப நாப்பது பேரு உங்களுக்குச் சிபாரிசு. ஒரு ராத்திரியில வராது. ஆனா தீபாவளிக்கு முந்தி மேல வந்துரலாம்."

முதலாளி அவனையே பார்த்தார். பிறகு புகாரை எடுத்து நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"சரி. போதுமாலே? போய் ரூமைத் திறந்து வேலையைப் பாரு."

செல்வக்குமார் அசையவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"மொதலாளி, நேத்து என்னைய எங்கன வச்சுச் சொன்னீக?"

"... பாக்கிங் செட்ல."

"அங்கன வச்சுச் சொல்லுங்க."

முதலாளி உதவிக்கு ஞானசுந்தரியைப் பார்த்தார். அவள் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "எந்தத் தாள்ல தப்பு அச்சாகுதோ அந்தத் தாள்லதான் திருத்தமும் போடணும் அண்ணாச்சி. ரூமுக்குள்ள வாயால சொன்னா வாசகனுக்கு எப்படித் தெரியும்?"

வெளியே வேன் ஹாரன் அடித்தது. பாக்கிங் செட்டில் இருநூறு பேரும் தூக்குச்சட்டியோடு எழுந்து நின்றிருந்தார்கள். சண்முகவேல் நேற்று நின்ற இடத்துக்கே போய் நின்றார். தன் சட்டைப் பொத்தானுக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ சொன்னார்.

"கடைசி வரிசைக்குக் கேக்கலை மொதலாளி" என்று அய்யம்மாளின் குரல் வந்தது.

பாண்டிராஜ் வாயைத் திறந்தான். ஞானசுந்தரி அவன் காலை மிதித்தாள்.

"செல்வக்குமார் கள்ளன் இல்லை!" என்று முதலாளி கத்தினார். "அவன்மேல ஒரு தப்பும் இல்லை! தப்பு பூராவும் ஏம்மேல!"

வாசலில் வேன் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி உள்ளே எட்டிப் பார்த்தான். "நான் வண்டிச் சத்தத்துல கவனிக்கலை, மொதலாளி என்ன சொன்னாக?" என்று கேட்டான்.

சண்முகவேல் அய்யம்மாளைப் பார்த்தார். அவள் இன்னும் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் சொன்னார்.